வலது பக்கம், இடது கை

"படகை ஓட்டுனவன் பேரை எழுதியாச்சு. அதுக்கு மேல ஒரு படகைப் பத்தி எழுத என்னத்தா இருக்கு?"

அப்பா இதைக் கேட்டது துபாயில் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூரில், அவருடைய கேம்ப் வாசலுக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில். கேம்புக்குள் பெண்கள் போக முடியாது. நான் துபாய் வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில்தான் அப்பாவைப் பார்த்தேன். கடைக்காரர் கீழக்கரைக்காரர். என் தலை தெரிந்ததும் கேம்ப் பக்கம் திரும்பி, "ஆபீசரம்மா வந்தாச்சு, உங்க மேஸ்திரிய வரச் சொல்லுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். அப்பாவின் ரூம்காரர்கள் இரண்டு மூன்று பேர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ விசாரணைக்கு வருகிறவரைப் போல வருவார்.

அந்தக் கேள்வியை அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் முதன்முறையாக விளக்கமாகச் சொல்லி முடித்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. டீயைக் குடித்தேன்.

என் வேலை இதுதான். இங்கே கடலோரத்தில் ஒரு படகுப் பந்தயக் கிளப் இருக்கிறது. திறந்த கடலில் எஞ்சின் படகுகளை ஓட்டிப் போட்டியிடும் கிளப். பல வருடங்களாகச் சேர்ந்த போட்டோக்கள், ஸ்லைடுகள், வீடியோ கேசட்டுகள், பந்தயத் தாள்கள், எஞ்சின் ரிப்பேர் சீட்டுகள் எல்லாம் ஓர் அறையில் அட்டைப் பெட்டிகளில் அடைந்து கிடந்தன. அவற்றை எடுத்துத் துடைத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் இருப்பது எந்தப் படகு, எந்தப் பந்தயம், யார் யார் என்று எழுதி வைக்க என்னைக் கான்ட்ராக்டில் எடுத்தார்கள். அதற்குமுன் ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலக அறிவியல் படித்த எனக்கு, படித்த படிப்போடு ஒட்டிய வேலை அப்போதுதான் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். ஊர் முதுகுளத்தூர் பக்கம். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. எழுதக் கற்றுக்கொண்டதும் நான் முதலில் பெரிதாக எழுதியது என் பேரை அல்ல, அப்பாவின் பேரை. லீவு முடிந்து அவர் திரும்பிப் போகும்போது கட்டும் அட்டைப் பெட்டியின் ஆறு பக்கத்திலும் மார்க்கரால் எழுதுவேன். கயிறு மறைக்காத இடமாகப் பார்த்து எழுதுவேன். அவர் படிக்கமாட்டார், ஆனால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பேரை எழுதுவது என்றால் ஒருவருக்கு மரியாதை செய்வது என்று எனக்குள் அப்படித்தான் பதிந்தது. அது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அம்மா ஊரில் என் வேலையை "விசைப்படகு ஆபீசு" என்று சொல்லி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் விசைப்படகு என்றால் மீன் பிடிக்கிற படகு. பக்கத்து வீட்டு அத்தை போனில் என்னிடம், அங்கே நண்டு என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார்.

நான் பார்க்கிற படகுகளில் மீன் ஏறாது. இரண்டு ஒல்லியான உடல்களை நடுவில் ஒரு தளத்தால் இணைத்தது போல இருக்கும். ஓடும்போது நடுவே காற்று புகுந்து படகையே தூக்கிவிடும். தண்ணீரைத் தொடுவது வாலும் எஞ்சினின் விசிறியும் மட்டும்தான். போர் விமானத்தில் இருப்பது போன்ற கண்ணாடி மூடிக்குள் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஸ்டியரிங் பிடிப்பார். இன்னொருவர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். ஒருவர் கையில் திசை, மற்றவர் கையில் வேகம். இந்த இரண்டு பேருக்கும் எங்கள் படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. மூன்றாவது கட்டம் படகின் சொந்தக்காரருக்கு. நான்காவது கட்டத்துக்குத் தலைப்பு "மற்றவர்கள்". நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாப் படிவங்களிலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

என் மேலதிகாரி ஒரு சூடான்காரர். நான் அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்று கூப்பிடுவேன். மெதுவாகப் பேசுகிறவர். ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். அவர் எனக்கு இட்ட விதி ஒன்றே ஒன்று. எதை எழுதினாலும் அதற்கு ஆதாரம் எது என்று எழுத வேண்டும்.

படகுகளை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நம்பர் படகுக்குச் சொந்தமில்லை, டீமுக்குச் சொந்தம். பதினேழு என்று எழுதியிருக்கும் படகு அடுத்த வருடம் வேறு படகாக இருக்கலாம். பெயின்ட்டையும் நம்ப முடியாது. பணம் கொடுக்கும் கம்பெனி மாறினால் படகின் நிறமும் மாறும். போட்டோவில் ஒரே போலத் தெரிகிற இரண்டு வேறு படகுகளும் உண்டு, இரண்டு போலத் தெரிகிற ஒரே படகும் உண்டு. அதனால் பெயின்ட் அடித்தாலும் மாறாத இடங்களைத் தேடினேன். கிரேனில் தூக்குவதற்காகத் தளத்தில் பதித்த இரும்பு வளையங்கள் எனக்கு உதவின. அவை எங்கே இருக்கின்றன, ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்த்தால் எந்தப் படகு என்று சொல்லிவிடலாம். உஸ்தாத் இதைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கிளப்பின் கிடங்கில் ஒரு பதினேழு நம்பர் படகு நின்றது. எஞ்சின் இல்லை, இருக்கைகள் இல்லை. பட்டத்தை வென்ற படகு. புதிதாகக் கட்டும் கண்காட்சிக் கூடத்தில் அதைக் கூரையிலிருந்து தொங்கவிடப் போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. அந்தப் படகின் முழு வரலாற்றையும் நான் எழுத வேண்டும். பட்டம் வென்ற பந்தயத்தின் போட்டோவையும் அதற்கு முந்தைய வருடத்தின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது பக்க வளையங்கள் ஒத்துப்போயின. வலது பக்கத்தில் பின் வளையம் ஒரு கை அகலம் தள்ளி இருந்தது. ரிப்பேர் சீட்டில் "பழுது பார்க்கப்பட்டது" என்று இரண்டே வார்த்தை.

அந்த ஞாயிறு இரண்டு போட்டோவையும் போனில் அப்பாவிடம் காட்டினேன். அவர் அப்போது ஜெபல் அலியில் ஒரு ஃபைபர் பட்டறையில் இருந்தார். அதற்கு முன்னால் பல வருடம் பந்தயப் படகுகள் கட்டும் யார்டில் வேலை பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குறிப்பாக எதுவும் அவரிடம் நான் கேட்டதில்லை. அவர் போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கப் பார்த்தார். முடியவில்லை. கிரைண்டரைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் மரத்துப் போனவர் அவர். தொடுவது திரைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"இது ஒரு படகு இல்லத்தா" என்றார். "ரெண்டு."

பிறகு அவர் சொன்னது இது. பதினேழு ஒரு பந்தயத்தில் கவிழ்ந்து வலது பக்க உடல் பிய்ந்து வந்தது. அடுத்த பந்தயத்துக்கு நாள் இல்லை. யார்டின் மூலையில் நாலாம் நம்பர் படகு கிடந்தது. பச்சைப் பெயின்ட் அடித்தது, ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காதது. அதன் வலது பக்கத்தை அறுத்து எடுத்து இதோடு ஒட்டினார்கள். ஒட்டியது அப்பாவும் ஒரு வங்காளியும். எட்டு அடுக்கு ஃபைபர் துணி, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட ஒரு விரல் உள்ளே தள்ளி, படிக்கட்டு மாதிரி. இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஒட்டும்போது எத்தனையாவது அடுக்கு என்று தப்பிவிடும். ஒருவர் ஏழில் இருப்பார், இன்னொருவர் எட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் அவரவர் பக்கம் பென்சிலால் குறித்துவிட்டு, அதன்மேல் ரெசின் தடவுவார்கள். வங்காளி அவன் எழுத்தில் எண் போடுவான். அப்பாவுக்கு எண்ணும் எழுதத் தெரியாது. கோடு போடுவார். முதல் அடுக்குக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு.

"எல்லாரும் கோடு போடத்தானப்பா செய்வாங்க?" என்றேன்.

"என் கோடு அந்தப் பக்கம் சாயும். நான் பீச்சாங்கை" என்றார்.

கடைக்காரர் பரோட்டாவைத் தட்டில் வைத்துக்கொண்டே, "அதான் மேஸ்திரி எங்கடையில எந்தக் கையால சாப்பிடறதுன்னு யோசிச்சு யோசிச்சு டீயோட நிறுத்திக்கிறாரு" என்றார். அப்பா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் கிடங்கில் படகின் அடிப்பக்கம் இருக்கும் சின்னக் கதவு வழியாக டார்ச்சோடு உள்ளே நுழைந்தேன். அவசரத்துக்கு ஓட்டுகிறவர்கள் வெளியேறும் வழி அது. அங்கிருந்து வலது பக்க உடலுக்குள் தவழ்ந்து போனேன். உள்ளே மூச்சு முட்டும் சூடு. ஒரு இடத்தில் வெள்ளைப் பூச்சு உதிர்ந்து அடியில் பச்சை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே ஒட்டு இருந்தது. எட்டுப் படி. ஒரு பக்கம் எனக்குப் படிக்கத் தெரியாத எண்கள். மறுபக்கம் பென்சில் கோடுகள், தேன் நிற ரெசினுக்கு அடியில், நேற்றுப் போட்டது மாதிரி. எட்டு இடத்திலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அவை போடப்பட்ட வருடம் நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எதுவும் தோன்றவில்லை. கோடுகளை எண்ணினேன். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். வெளியே வந்து கையைக் கழுவினேன். ஃபைபர் தூசி பட்டு முழங்கையெல்லாம் அரித்தது.

அன்று மாலைக்குள் பதிவை எழுதி முடித்துவிட்டேன். வளையங்களின் அளவு, பச்சைப் பெயின்ட், ஒட்டு, குறிகள். "உடைக்கப்பட்டது" என்று பட்டியலில் இருந்த நாலாம் நம்பர் உண்மையில் உடைக்கப்படவில்லை. ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத அந்தப் படகு, தன் வலது பாதியால் பட்டம் வென்றிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு "மற்றவர்கள்" என்ற கட்டத்துக்கு வந்தேன். அப்பாவின் முழுப் பேரை, அவர் அப்பா பேரோடு, எழுதினேன். ஊரையும் எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில், குறிகளின் படம், நேரில் சொன்னது, என்று எழுதி உஸ்தாதுக்கு அனுப்பினேன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அட்டைப் பெட்டியில் எழுதியபோதும் நான் கேட்டதில்லை.

உஸ்தாத் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு கூப்பிட்டு, படகைப் பற்றி எழுதியது சரி, ஆளுக்கு இன்னும் ஆதாரம் வேண்டும் என்றார். சொந்த அப்பா என்பதால் கூடுதலாகவே வேண்டும். கவலைப்படாதே, அந்தக் காலத்து லேபர் கார்டில் எந்த முதலாளியிடம் வேலை பார்த்தார் என்று இருக்கும், கிளப்பில் கவர்மென்ட் வேலைகளைப் பார்க்கும் ஆளிடம் சொல்லி எடுத்துவிடலாம் என்றார். அவர் உதவி செய்கிறார் என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாகப் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "விசா கேன்சல் போட்டாச்சு எனக்கு. இன்னும் மூணு வாரத்துல ஊருக்குப் போறேன். இப்ப எதுக்குத்தா இது?" என்றார்.

ஞாயிறு நேரில்தான் மிச்சத்தைச் சொன்னார், கடையில் யாருக்கும் கேட்காதபடி. அந்த வருடங்களில் அவருடைய விசா யார்டில் இல்லை. ஃப்ரீ விசா என்று ஊரில் ஏஜென்ட் சொல்லி வாங்கிக் கொடுத்தது. விசாவைக் கொடுத்த கஃபீல் ஒரு பேரீச்சந்தோட்டத்துச் சொந்தக்காரர், ராஸ் அல் கைமா பக்கம். அவரிடம் வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே எங்கே வேண்டுமானாலும் வேலை பார்ப்பது. எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள், ஆனால் பிடித்தால் குற்றம்தான். யார்டின் எந்தத் தாளிலும் அவர் பேர் கிடையாது. இருக்கவும் கூடாது.

"நீ எழுதுற அந்தப் படகை நான் ஒட்டுனப்ப, பேப்பர்ல நான் பேரீச்ச மரத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நான் சிரிக்க நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பேரை எடுத்துவிடு என்றார். ஏர்போர்ட்டில் நிறுத்தினால் என்ன செய்வது என்றார். இத்தனை வருடத்துக்கு முந்தைய விஷயத்தை யாரும் தேடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நீ படித்தவள், உன்னை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் டீக்கடை மேசையில் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பேரை அழித்தேன். உஸ்தாதிடம் லேபர் கார்டு தேட வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. தான் வந்த காலத்தில் எத்தனை விதமான விசா இருந்தது என்று மட்டும் சொன்னார். கட்டத்தில் "பெயர் பதிவு செய்யப்படவில்லை" என்று எழுதினேன். தெரியவில்லை என்று எழுதியிருந்தால் அது பொய். இது பொய் இல்லை. குறிகள் அப்படியே இருக்கின்றன, அது போதும் என்று நினைத்தேன். படகின் உள்பக்கத்தில் அந்த ஒட்டை மட்டும் தொட வேண்டாம் என்று சீரமைப்பு வேலைக்கான தாளில் சேர்க்கச் சொன்னேன். உஸ்தாத் சேர்த்தார்.

பேரை அழித்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். குறிகள் கூடத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கும், வலது பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்து உள்ளே விளக்குப் போடப் போகிறார்கள் என்றும் சொன்னேன். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

படகின் உள்பக்கத்தைத் தேய்த்துப் பூசும் வேலை அப்பாவின் பட்டறைக்குத்தான் வந்தது. கிளப்பின் ஃபைபர் வேலைகளையெல்லாம் அவர்கள்தான் கிடங்குக்கு வந்து செய்வார்கள். அந்த வாரம் நான் ஸ்கேனரில் உட்கார்ந்திருந்தேன், கிடங்குப் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமை போனபோது வேலை முடிந்து ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தேன்.

கோடுகள் இல்லை. எட்டுப் படியிலும், கோடு இருந்த இடத்தில் மட்டும், உள்ளங்கை அளவுக்குத் தேய்த்து, மேலே புதிதாக ரெசின் தடவி, வெள்ளைப் பூச்சு பூசியிருந்தது. சுற்றி ஒரு பிசிறு இல்லை. தொட்டுப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் வங்காளியின் எண்கள் எட்டும் அப்படியே இருந்தன.

பட்டறை ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன். ஒட்டைத் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னதாகவும், எங்கள் மேஸ்திரிக்கு அந்தப் படகு பழக்கம், அந்த இடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்றும் சொன்னார். கேன்சல் போட்ட ஆள், கடைசி வாரம், சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஆனாலும் வந்தார், என்றார் பாராட்டாக.

நான் போனை வைத்துவிட்டுப் படகுக்குக் கீழே சிமென்ட் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. இத்தனை வருடம் யாரும் பார்க்காததால் அந்தக் கோடுகள் இருந்தன. நான் பார்த்தேன், போய்ச் சொன்னேன், விளக்குப் போடப் போகிறோம் என்றேன். அது மட்டும்தான் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது, வேறு யாருக்கோ நடந்தது போல.

கடைசி ஞாயிறு கடைக்குப் போனேன். அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு என்ன வாங்கினார் என்று கேட்டேன். சொன்னார். பிறகு கேட்டேன்.

"அந்த வங்காளியோடத மட்டும் ஏம்ப்பா விட்டீங்க?"

"அது என்னோடது இல்லையேத்தா. அவங்கிட்டக் கேக்காம எப்படி அழிக்கிறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரணமான ஒரு விஷயம்.

கொஞ்சம் கழித்து அவரே, "போட்டோ புடிச்சியே, அது இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "சரி, இருக்கட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது பெட்டியில் பேர் எழுத வேண்டும் என்று மார்க்கரை நீட்டினார். அவர் ரூமில் படித்த ஆள் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்காகத்தான் வைத்திருந்தார். கேம்ப் வாசலில் வாட்ச்மேன் பார்க்க, பெட்டியைத் தரையில் வைத்து, ஆறு பக்கமும் எழுதினேன்.

ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள் போல. வைத்தார், துடைத்துவிட்டு வைத்தார், மறுபடி வைத்தார். அவர் விரல்களில் ரேகை இல்லை, எல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. பிறகு கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். ஆபீசர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, வரிசையோடு உள்ளே போய்விட்டார். மதுரையில் இறங்கியதும் போன் செய்தார். மழை என்றார்.

படகை இப்போது தொங்கவிட்டுவிட்டார்கள். வலது பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வங்காள எண்கள் எட்டும் விளக்கில் தெரிகின்றன. எதிரே எட்டு வெள்ளைத் திட்டுகள். பார்க்க வருகிறவர்கள் எண்களைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். பதிவில் அப்பாவின் கோடுகளின் படம் இருக்கிறது. அதற்குக் கீழே நான் எழுதியிருப்பது: அடுக்குகளை எண்ணப் போட்ட குறி, இடது கைப் பழக்கம் உள்ளவர், பெயர் பதிவு செய்யப்படவில்லை, குறிகள் பின்னர் இட்டவராலேயே நீக்கப்பட்டன. உஸ்தாத் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். ஆதாரம் என்ன என்று கேட்டார். நான்தான் ஆதாரம் என்றேன். அதையே எழுதச் சொன்னார்.

ஒரு படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அப்பா கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. போட்டோக்களில், கிரேன் பக்கத்தில் கயிறு பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, எஞ்சின் மூடியைத் தோளில் தாங்கிக்கொண்டு எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த வருடங்களில் தாளில் வேறு எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். பேர் என்ன என்று ஆரம்பித்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அதனால் ஒரு புதிய படிவம் தயாரித்தேன். முதல் கேள்வி, எந்தப் படகு. அடுத்து, எந்தப் பக்கம். என்ன வேலை. எந்தக் கை. நீங்கள் செய்ததை யாராவது கண்டுபிடிக்கும்படி அதில் ஏதாவது இருக்கிறதா. இருந்தால், அதை மற்றவர்கள் பார்க்கலாமா. பேருக்கு இடம் விடவில்லை. உஸ்தாத் பார்த்துவிட்டு, கடைசிக் கேள்வியை முதலில் போடு என்று மட்டும் சொன்னார். போட்டேன்.

தமிழில் நான் எழுதினேன். வங்காளத்தில், சோனாப்பூர் கடையில் பரோட்டா போடும் இன்னொரு வங்காளி எழுதிப் போனில் அனுப்பினார். படகில் இருக்கும் எண்களை எனக்குப் படித்துச் சொன்னவரும் அவர்தான். ஒன்றிலிருந்து எட்டு வரை, எட்டு மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, களைத்துப் போயிருப்பான் என்றார்.

போன ஞாயிறு கடைக்குப் போனேன், அப்பா இல்லாமல் முதல் தடவையாக. கடைக்காரர் வழக்கம்போலக் கேம்ப் பக்கம் திரும்பிவிட்டு, ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். படிவங்களில் இருபதை அவரிடம் கொடுத்தேன். அந்த எட்டு எண்களின் படத்தை, கண்ணாடிக் கதவில், போன் ரீசார்ஜ் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர்களின் கண் மட்டத்தில் ஒட்டினேன். அடியில் வங்காளத்தில் ஒரே வரி: இது உங்கள் கையெழுத்தா, இதை வைத்திருக்கலாமா.